தொலைந்துபோன கேள்விக்குறி

'எங்க குடும்பமே இப்படித்தான் சார். பச்சத் தண்ணி குடிச்சாக்கூட உடம்புல ஒட்டிக்கும்.'

இதை நீங்களே சொல்லியிருக்கலாம். அல்லது உங்கள் பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கலாம். அதே கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டு ஒரு ஒல்லி மனிதர் உட்கார்ந்திருப்பார். 'அவருக்கு எதைத் தின்னாலும் ஏறாது, உடல்வாகு அப்படி' என்பார்கள். உடல்வாகு, நல்ல பழைய வார்த்தை. இப்போது அதற்கு மெடபாலிசம் என்றும் ஜீன் என்றும் புதுச் சட்டை மாட்டியிருக்கிறோம். ஜிம் மாஸ்டரிலிருந்து டி.வி. டாக்டர் வரை எல்லோரும் சொல்கிறார்கள்: 'நம்ம ஜீன்லயே இருக்கு. நம்ம முன்னோர் பஞ்சத்துல அடிபட்டவங்க. அதனால உடம்பு கொழுப்பைச் சேத்து வெச்சுக்குது.'

கேட்க எவ்வளவு சரியாக இருக்கிறது! இவ்வளவு சரியாக இருக்கும் எதையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்லது, கோயம்பேட்டில் தேங்காய் வாங்குகிற மாதிரி.

இந்தப் பேச்சுக்கு ஒரு கொள்ளுத் தாத்தா உண்டு. 1962ல் ஒரு அமெரிக்க மரபியல் இதழில் வெளிவந்த கட்டுரை. மொத்தமே பத்துப் பக்கம். எழுதியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் நீல். இந்த வாரம் அதைத்தான் விமரிசிக்கப் போகிறோம். கதைக்கும் சினிமாவுக்கும்தான் விமரிசனம் எழுதவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விஞ்ஞானக் கட்டுரையும் எழுத்துதான். அதிலும் கற்பனை உண்டு, நடை உண்டு, ஓட்டை உண்டு. சினிமா சரியில்லை என்றால் டிக்கெட் காசு போகும். இது சரியில்லாமல் போனால் என்ன போகும் என்று கடைசியில் பார்ப்போம்.

*

நீல் சாதாரண ஆள் இல்லை. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டில் தப்பியவர்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் மரபு சேதம் இருக்கிறதா என்று வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். 'சிக்கிள் செல்' என்னும் ரத்தசோகை எப்படி வம்சாவளியாக வருகிறது என்பதை 1949ல் தெளிவாக்கியவர்களில் ஒருவர். அந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த ஜீன் வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. கெட்ட ஜீன் உலகத்தைவிட்டுப் போகாமல் இருப்பதற்கு, அது எங்கேயோ நல்லது செய்துகொண்டிருப்பதுதான் காரணம்.

நீல் இதே சாவியை இன்னொரு பூட்டில் போட்டுப் பார்த்தார். சர்க்கரை வியாதி குடும்பத்தில் வருகிறது. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கிறது. அப்படியானால் இயற்கைத் தேர்வு அதை எப்போதோ துடைத்துப் போட்டிருக்க வேண்டுமே? ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது?

அவர் சொன்ன பதில்: ஒரு காலத்தில் அது நல்லதாக இருந்திருக்கும். ஆதி மனிதனுக்கு ஒரு நாள் விருந்து, பத்து நாள் பட்டினி. கிடைத்த அன்றைக்குக் கிடுகிடுவென்று சேமித்துக்கொள்கிற உடம்பு பிழைத்தது. ஊதாரி உடம்பு செத்தது. இன்றைக்குத் தினமும் விருந்து. மழைக்காலத்துக்கு விறகு அடுக்கிவைத்த பாட்டி, காஸ் அடுப்பு வந்தபின்பும் அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். வீடு கொள்ளவில்லை.

கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: சர்க்கரை வியாதி: 'முன்னேற்றத்தால்' தீங்காகிப்போன ஒரு 'சிக்கன' மரபமைப்பு?

தலைப்பைக் கவனியுங்கள். 'முன்னேற்றம்' மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. 'சிக்கனம்' மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்விக்குறி. ஒரே தலைப்பில் மூன்று ஜாக்கிரதை. இதை எழுதியவர் பிரகடனம் எதுவும் செய்யவில்லை. 'இப்படி இருக்குமோ?' என்று உரக்க யோசித்திருக்கிறார்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். அதுவரை இது மாதிரி வியாதி என்றால் உடம்பின் குறை, பிறவிக் கோளாறு என்றுதான் பேச்சு. நீல் அதைத் திருப்பிப் போட்டார். உடம்பில் குறையில்லை, அது வேறொரு காலத்துக்குத் தைத்த சட்டை. காலம்தான் மாறிவிட்டது என்றார். நோயாளியை அவமானப்படுத்தாத சிந்தனை அது. ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்த மரியாதை எல்லா நாளும் கிடைக்காது.

*

இனி ஓட்டைகள்.

முதல் ஓட்டை இன்சுலினில். உடம்பு அவசரப்பட்டு அதிக இன்சுலினைச் சுரப்பதுதான் சிக்கனத்தின் ரகசியம், அதை எதிர்க்கும் பொருள்கள் பிறகு உருவாகித்தான் வியாதி வருகிறது என்று ஒரு வழிமுறையை நீல் வரைந்திருந்தார். அது நிற்கவில்லை. சின்ன வயதில் இன்சுலினே சுரக்காமல் வருவதும், நடு வயதில் இன்சுலின் இருந்தும் வேலை செய்யாமல் வருவதும் இரண்டு தனித்தனி வியாதிகள் என்பதும் பிறகுதான் தெளிவாயிற்று. நீலே 1982ல் கட்டுரையைத் திரும்பத் திறந்து, பழைய வழிமுறையைக் கைவிட்டு, வேறு வழிகளை முன்வைத்தார். தன் கட்டுரையைத் தானே அடித்துத் திருத்தும் எழுத்தாளர்களை நமக்கு அதிகம் தெரியாது. அதற்காக ஒரு சபாஷ்.

இரண்டாவது ஓட்டை பஞ்சத்தில். பஞ்சத்தில் ஒல்லியானவர் செத்தார், குண்டானவர் பிழைத்தார் என்பது கேட்டதும் நம்பக்கூடியதாக இருக்கிறது. ஜான் ஸ்பீக்மன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் இதில் ஒரு எளிய கேள்வி கேட்டார்: பஞ்சத்தில் உண்மையில் சாகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கிழவர்களும். அவர்களில் பலரும் தொற்றுநோய் வந்து சாகிறார்கள். நடு வயதுத் தொப்பைக்கு அங்கே அதிகம் வேலையில்லை. இன்னொன்று: வேட்டையாடி வாழும் சமூகங்களில், நன்றாகச் சாப்பாடு கிடைக்கிற பருவத்திலும் யாரும் குண்டாவதில்லை. மூன்றாவது கேள்வி இன்னும் குறும்பானது. லட்சக்கணக்கான ஆண்டுகள் இந்த ஜீனை இயற்கை தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்திருந்தால், இந்நேரம் நாம் எல்லோருமே குண்டாக அல்லவா இருக்க வேண்டும்? அந்தப் பாயச மனிதர் எங்கிருந்து வந்தார்?

எதிர்க்கட்சிக்கும் வாதம் உண்டு. ஆண்ட்ரூ பிரெண்டிஸ் போன்றவர்கள், சாவை மட்டும் பார்க்காதீர்கள், பிறப்பைப் பாருங்கள் என்கிறார்கள். பட்டினியில் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். உடம்பில் கொஞ்சம் கொழுப்பு உள்ளவளுக்குக் கரு தரிக்கும். தலைமுறை தலைமுறையாக இது சேரும். நியாயமான வாதம்தான். ஆனால் தேர்வு நடந்திருந்தால் டி.என்.ஏ.வில் கால்தடம் இருக்க வேண்டும். 2014ல் சர்க்கரை வியாதியோடு தொடர்புள்ள 65 இடங்களை எடுத்து அந்தத் தடத்தைத் தேடினார்கள். பொதுவாகச் சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

*

இதெல்லாம் கட்டுரைக்குள் உள்ள ஓட்டைகள். அவற்றை மன்னித்துவிடலாம். விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும். எனக்குக் கோபம், கட்டுரை வெளியே போய் என்ன செய்தது என்பதில்தான்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்துக்குத் தெற்கே, கீலா என்றொரு ஆறு. அதன் கரையில் வாழும் பூர்வகுடிகளை வெளியார் பீமா என்று அழைத்தார்கள். தங்களை அவர்கள் அழைத்துக்கொள்வது அகிமெல் ஓதம், அதாவது ஆற்று மக்கள். இந்த மக்களிடம் 1960களிலிருந்து அமெரிக்க அரசு ஆராய்ச்சியாளர்கள் நாற்பது வருஷத்துக்கு மேல் ரத்தம் எடுத்து, எடை பார்த்து, கணக்கு எழுதினார்கள். 1971ல் வந்த அறிக்கைப்படி 35 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. உலகத்தில் அதுவரை எங்கும் கண்டிராத அளவு.

உடனே எல்லோருக்கும் நீலின் கட்டுரை ஞாபகம் வந்தது. பாலைவனத்து ஜனங்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள், சிக்கன ஜீன். கதை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பாடப்புத்தகங்களில் ஏறியது. போகிற வழியில் தலைப்பிலிருந்த கேள்விக்குறியும் மேற்கோள் குறிகளும் உதிர்ந்துவிட்டன. 'இருக்குமோ?' என்றது 'இருக்கிறது' ஆகிவிட்டது.

இப்போது அந்த ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஜனங்கள் அலைந்து திரிந்து பட்டினி கிடந்தவர்கள் அல்ல. வாய்க்கால் வெட்டி விவசாயம் பார்த்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த வழியாகப் போன பயணிகளுக்கும் ராணுவத்துக்கும் கோதுமை விற்கிற அளவுக்கு விளைச்சல். அப்புறம் மேல்மடையில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1870களிலிருந்து அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆறு வற்றியது. வயல் காய்ந்தது. பஞ்சம் வந்தது. அது முழுக்க மனிதன் கைவேலை. மேல்மடைக்காரன் மடையை அடைத்தால் கீழ்மடைக்காரன் கதி என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறகு அரசாங்க ரேஷன்: மைதா, கொழுப்பு, சர்க்கரை. உழவு போனதோடு உடலுழைப்பும் போயிற்று.

தண்ணீர் குடித்தால் எடை ஏறும் என்பார்கள் நம் ஊரில். அங்கே தண்ணீர் போனதால் ஏறியது.

தேதிகளைக் கவனியுங்கள். 1940ல் எலியட் ஜாஸ்லின் என்ற பிரபல சர்க்கரை டாக்டர் அரிசோனாவில் கணக்கெடுத்தார். அங்குள்ள பூர்வகுடிகளிடம் மற்றவர்களைவிட வியாதி அதிகமாகத் தெரியவில்லை. 1971ல் பாதிப் பேருக்கு. முப்பது வருஷத்தில் எந்த இனத்தின் ஜீனும் மாறாது. மாறியது தட்டும் தொழிலும்.

இன்னும் பலமான சாட்சி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மெக்ஸிகோவின் சொனோரா மலைப்பகுதியில் மைகோபா என்ற ஊர். அங்கேயும் பீமாக்கள் இருக்கிறார்கள். அரிசோனாக்காரர்களுக்கு நெருங்கிய மரபுச் சொந்தங்கள். கையால் உழவு, மலையேற்றம், பீன்ஸ், சோளம். 2006ல் வெளியான ஒப்பீட்டில் அமெரிக்க பீமாக்களில் 38 சதவீதத்தினருக்குச் சர்க்கரை வியாதி. மெக்ஸிகோ பீமாக்களில் 6.9. அதே மலையில் வாழும் பீமா அல்லாத மெக்ஸிகர்களில் 2.6. மெக்ஸிகோ பீமா ஆண்களில் 7 சதவீதமும் பெண்களில் 20 சதவீதமும்தான் பருமன். எல்லைக்கு வடக்கே அது பல மடங்கு.

2.6க்கும் 6.9க்கும் இருக்கிற வித்தியாசத்தில் ஜீனுக்கு ஒரு பங்கு இருக்கலாம். 6.9க்கும் 38க்கும் இருக்கிற வித்தியாசத்தில்? அங்கே ஆறு இருக்கிறது. ஆனால் பல வருஷங்கள் ஆராய்ச்சி தேடியது முதல் வித்தியாசத்தைத்தான். ரத்தத்தில் குற்றவாளியைத் தேடும்போது மேல்மடைக்காரன் நிம்மதியாகத் தூங்கலாம். அந்த மக்களின் தண்ணீர் உரிமையை அமெரிக்க அரசாங்கம் சட்டம் போட்டு ஒப்புக்கொண்டது 2004ல்.

*

'அப்படியானால் ஜீன் எல்லாம் டூப்பா? குண்டாக இருப்பது அவரவர் வாய்க்கொழுப்புதானா?' என்று யாராவது சந்தோஷமாக எழுந்திருப்பதற்கு முன் ஒரு நிமிஷம் உட்காருங்கள். அது இதைவிடப் பெரிய தப்பு.

ஜீன் உண்டு. நிச்சயமாக உண்டு. 1986ல் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகள் 540 பேரைப் பார்த்தார்கள். அவர்கள் எடை பெற்றவர்களின் எடையோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 1990ல் கனடாவில் க்ளோட் பூஷார் என்பவர் 12 ஜோடி இரட்டையர்களை, எல்லாம் இளைஞர்கள், வாரத்தில் ஆறு நாள், தினம் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்தார். மொத்தம் 84 நாள் விருந்து. சராசரி 8.1 கிலோ ஏறியது. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3. அதே சாப்பாடு! முக்கியமான விஷயம், அண்ணனுக்கு எவ்வளவு ஏறியதோ ஏறக்குறைய அவ்வளவே தம்பிக்கும். ஜோடிக்குள் இருந்த வித்தியாசத்தைவிட ஜோடிக்கு ஜோடி வித்தியாசம் மூன்று மடங்கு. ஆக, உங்கள் பெரியம்மா சொன்னது முழுப் பொய் இல்லை.

பாயச மனிதரின் ரகசியம்? 1999ல் அமெரிக்காவில் 16 பேருக்கு இதே மாதிரி தினம் 1,000 கலோரி அதிகம் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். கொழுப்பு அரைக் கிலோ கூட ஏறாதவரும் இருந்தார், நான்கு கிலோவுக்கு மேல் ஏறியவரும் இருந்தார். ஏறாதவர்கள் தங்களை அறியாமலே அதிகம் எழுந்தார்கள், நடந்தார்கள், காலை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். 'சும்மா உட்காரவே மாட்டான்' என்று சின்ன வயதில் திட்டு வாங்கிய பையன்தான் பந்தியில் மூன்று பாயசம் சாப்பிடுகிறான்.

ஒரே ஒரு ஜீன் கெட்டால் நடப்பதும் தெரியும். 1997ல் பிரிட்டனில் ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள். எட்டு வயதில் 86 கிலோ ஒன்று, இரண்டு வயதில் 29 கிலோ இன்னொன்று. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. காரணம், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் அவர்கள் உடம்பில் இல்லை. மூத்த குழந்தைக்கு அந்த லெப்டினை ஊசியில் கொடுத்ததும் பசி அடங்கியது, எடை இறங்கியது. அந்த மாதிரிக் குழந்தையின் அம்மாவை, 'ஏம்மா இப்படித் தின்னக் குடுக்கறே?' என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் இது அபூர்வத்திலும் அபூர்வம். 'எனக்கும் அதுதான்' என்று நாம் துண்டு போட முடியாது.

நமக்கெல்லாம் பொதுவானது சில்லறை ஜீன்கள். 2007ல் அகப்பட்ட எஃப்.டி.ஓ. அதில் பிரபலமானது. ஐரோப்பியர்களில் 16 சதவீதம் பேருக்கு அதன் 'குண்டு' ரகம் இரண்டு பிரதியாக இருக்கிறது. அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிகம். அவ்வளவுதான், 3 கிலோ. 2015ல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் டி.என்.ஏ.வை அலசி, எடையோடு தொடர்புள்ள 97 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் மனிதர்களுக்கிடையே உள்ள எடை வித்தியாசத்தில் 2.7 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. அந்த ஜீன்களில் நிறைய, வயிற்றைவிட மூளையில் வேலை பார்ப்பவை. அதாவது அடுப்பு மெதுவாக எரிவது ஒரு பக்கம் இருக்கட்டும், பசி மணி அடிக்கடி அடிப்பதுதான் பெரிய விஷயம். 'என் மெடபாலிசம் ஸ்லோ' என்பவர்களில் பலருக்கு, மணிதான் ஃபாஸ்ட்.

இப்போது எனக்குப் பிடித்த ஆய்வு. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக ஜனங்களின் இதயத்தையும் எடையையும் கவனித்துவருகிறார்கள். அந்தக் கணக்கில் எஃப்.டி.ஓ. உள்ளவர்களைப் பிறந்த வருஷப்படி பிரித்துப் பார்த்தார்கள். 1942க்குப் பின் பிறந்தவர்களிடம் அந்த ஜீனுக்கும் எடைக்கும் தெளிவான தொடர்பு. அதற்கு முன் பிறந்தவர்களிடம் இல்லை. அதே ஊர், அதே ஜீன். அப்பாவிடம் சும்மா இருந்தது, பிள்ளையிடம் வேலையைக் காட்டியது. ஜீன் என்பது விதை மாதிரி என்று வைத்துக்கொண்டால், இருபதாம் நூற்றாண்டு மழை பெய்திருக்கிறது. உடற்பயிற்சி செய்பவர்களிடம் எஃப்.டி.ஓ.வின் பாதிப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று 2011ல் இரண்டு லட்சம் பேரை வைத்துச் சொன்னார்கள். தலையெழுத்து என்றால் நடைப்பயிற்சியில் அழியுமா?

*

நீலுக்கு ஒரே ஒரு ஆறுதல் பரிசு கிடைத்தது, 2016ல், பசிபிக் தீவான சமோவாவில். 3,000 பேரை ஆராய்ந்தபோது ஒரு ஜீன் அகப்பட்டது. தீவுக்காரர்களில் 45 சதவீதம் பேரிடம் குறைந்தது ஒரு பிரதி இருக்கிறது. பசிபிக் பகுதிக்கு வெளியே ஏறக்குறைய கிடையாது. எஃப்.டி.ஓ.வைவிட அதிகமாக எடையை ஏற்றுகிறது. சோதனைக்குழாயில் செல்களைக் கொழுப்பைச் சேமிக்கச் செய்கிறது, சக்தியை மிச்சம் பிடிக்கிறது. அசல் சிக்கன ஜீன்!

ஆனால் கதையில் ஒரு திருப்பம். அந்த ஜீன் உள்ளவர்களுக்குச் சர்க்கரை வியாதி குறைவாக வருகிறது. நீலின் கட்டுரையே சர்க்கரை வியாதியை விளக்க எழுதியது. தேடிய திருடன் அகப்பட்டான். ஆனால் அவன்தான் வீட்டுக் காவல்காரன்.

எடையும் சர்க்கரையும் ஒன்றில்லை என்பதற்கு இந்தியாவில் இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. 2004ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக். இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சு அசல் ஒன்றே: 22.3. ஆரோக்கியம் என்று சர்டிஃபிகேட் கொடுக்கலாம். ஆனால் உடம்பில் கொழுப்பின் அளவு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம்மவர் ஒல்லி, ஆனால் ஒல்லிக்குள் ஒரு குண்டர் ஒளிந்திருக்கிறார்.

யாக்னிக் இதன் வேரைத் தேடிப் பிறந்த குழந்தைகளிடம் போனார். புனே கிராமத்துக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. தசையிலும் உறுப்புகளிலும் நம் குழந்தைக்குக் குறைவு. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அம்மாவின் தட்டில் சத்து குறைந்தால், வயிற்றிலிருக்கும் குழந்தை கஷ்டகாலத்துக்குத் தயாராகிவிடுகிறது என்று ஒரு விளக்கம். ஹேல்ஸும் பார்க்கரும் 1992லேயே இதைப் பொதுவாகச் சொல்லியிருந்தார்கள். சிக்கனத்தைக் குழந்தை ஆதி மனிதனிடமிருந்து கற்கவேண்டியதில்லை, அம்மாவின் ஒன்பது மாதத்திலேயே கற்றுவிடுகிறது. ஜீனுக்கும் பங்கு இருக்கலாம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஜீனை மாற்ற முடியாது. கர்ப்பிணி சாப்பிடுகிற தட்டை மாற்றலாம். 2023ல் ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம். 'நம்ம ஜீன் சார்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற எண்ணிக்கை இல்லை அது.

*

கேள்விக்குறி தொலைந்ததால் பிழைக்கும் ஒரு வியாபாரத்தையும் சொல்லிவிடுகிறேன். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால், உங்கள் ஜீனுக்கேற்ற டயட் எது என்று வழவழ காகிதத்தில் ரிப்போர்ட் வரும். உங்களுக்கு நெய் ஆகும், அவருக்குச் சோறு ஆகாது, இந்த ரீதியில். ஜோசியக்காரருக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு ஃபீஸ். 2018ல் ஸ்டான்ஃபோர்டில் இதை நேராகவே சோதித்தார்கள். 609 பேர், ஒரு வருஷம். பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள், பாதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். முதல் கோஷ்டி சராசரி 5.3 கிலோ இளைத்தது, இரண்டாவது 6 கிலோ, பெரிய வித்தியாசமில்லை. ஜீனுக்குப் பொருத்தமான டயட்டில் விழுந்தவர்கள் அதிகம் இளைத்தார்களா? இல்லை. பொருத்தம் பார்த்தும் பார்க்காமலும் பலன் ஒன்றே. நாம் அறிந்த சில கல்யாணங்களைப் போல.

ஆக, என் தீர்ப்பு: நீலின் கட்டுரை நல்ல கட்டுரை. நல்ல கேள்வி, பாதி தவறான பதில், அதைத் தானே ஒப்புக்கொண்ட நேர்மை. அது புகழ்பெற்றது கேள்விக்காக இல்லை, பதிலின் சௌகரியத்துக்காக. ஜீன் என்று சொல்லிவிட்டால் ஆற்றைத் திருப்பியவன் பொறுப்பில்லை, ரேஷனில் மைதா போட்டவன் பொறுப்பில்லை, பள்ளிக்கூட மைதானத்தில் கட்டடம் கட்டியவன் பொறுப்பில்லை. மாறாக, ஜீனே இல்லை என்றாலும் அதே சௌகரியம்தான். குண்டாக இருப்பவரைப் பார்த்து, 'வாயைக் கட்டத் தெரியல' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். ஒன்று ஊரைத் தப்பவிடுகிறது, இன்னொன்று ஆளை அடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது உண்மை: ஒரே மழை எல்லோர் மேலும் பெய்கிறது, சிலர் வீட்டுக் கூரை மட்டும் பிறவியிலேயே கொஞ்சம் ஒழுகுகிறது. ஒழுகுகிற வீட்டுக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. மழையே பெய்யவில்லை என்று சாதிப்பதிலும் இல்லை.

அடுத்த கல்யாணப் பந்தியில் பருமனான ஒருவர் இலையை யாராவது உற்றுப் பார்த்தால், அந்த இரட்டையர் கதையைச் சொல்லுங்கள். 'எல்லாம் ஜீன்' என்று யாராவது கையை உதறினால், ஆற்று மக்கள் கதையைச் சொல்லுங்கள்.

நீல் 2000த்தில் காலமானார். அதற்குச் சற்று முன் தன் பழைய கட்டுரையைக் கடைசியாக ஒருமுறை எடுத்துப் பார்த்து எழுதினார். பூர்வகுடிகளிடம் இவ்வளவு சர்க்கரை இருப்பதற்கு அவர்கள் இனத்தின் மரபை மட்டும் காரணமாகச் சொல்ல ஆதாரமில்லை, முக்கியக் காரணம் வாழ்க்கை மாறியதுதான் என்பது அவர் முடிவு. உதிர்ந்த கேள்விக்குறியைக் கிழவரே குனிந்து எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். படிக்கத்தான் ஆளில்லை.